சொந்தமாக ஒரு கேமரா ஆப்: பிரவுசரா, கேமராஎக்ஸா, கேமரா2-வா?

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில், தடுப்புச் சுவருக்கு உள்பக்கமாக முக்காலியில் போனை நிறுத்திக்கொள்ளுங்கள். கேமரா தரும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நடுவில் ஒரு மெல்லிய செங்குத்துக் கீற்றை மட்டும் வெட்டி, முந்தையதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனால் விநோதமான ஒரு படம் கிடைக்கும். முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் பஸ் இரண்டு பஸ் நீளத்துக்கு இழுபடும். வேகமாக இறங்கும் பைக் ஒடுங்கிப்போகும். அசையாத மரமும் சுவரும் ஒரே கோலமாகத் திரும்பத் திரும்ப வரும். ஸ்லிட் ஸ்கேன் என்பார்கள். இங்கே கீற்றுக் கேமரா என்று வைத்துக்கொள்வோம். போனோடு வரும் கேமரா ஆப்பில் பெரும்பாலும் இது இருக்காது. நாமே எழுத வேண்டியதுதான்.

எழுத உட்கார்ந்த முதல் நாளே கேள்வி வரும்: எதில் எழுதுவது? பிரவுசரே போதும் என்பார் ஒருவர். ஆண்ட்ராய்டில் கேமராவை நேரடியாக ஆட்டுவிக்கும் கேமரா2 இடைமுகம் தெரியாமல் கேமரா ஆப் எழுதவே கூடாது என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் இருவர் மனதிலும் இருப்பது வெவ்வேறு ஆப். அதனால் மூன்று சோதனைகளை உரைகல்லாக வைத்து ஒவ்வொரு வழியையும் உரசிப் பார்க்கலாம். ஒன்று, மேலே சொன்ன கீற்றுக் கேமரா. இரண்டு, இரவில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து கீழே தெரியும் சேலம் விளக்குகளை இரைச்சல் (இருட்டில் படத்தில் தெரியும் புள்ளிகள்) இல்லாமல் எடுப்பது. மூன்று, சேலம் வெண்பட்டுத் துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவது.

## எதை வைத்து முடிவு செய்வது

பாதி முடிவை முதல் அளவுகோலே சொல்லிவிடும். உங்களுக்கு வேண்டியது ஃப்ரேம்களா, சென்சார் மீது பிடியா? கீற்றுக் கேமராவுக்கு ஃப்ரேம் தவறாமல் வந்தால் போதும். இரவு விளக்குக்கு ஷட்டர் நேரமும் ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) நம் கையில் இருக்க வேண்டும். இழை எண்ணத் தேவை தெளிவான ஒரே ஒரு படம்; ஃப்ரேம் ஓட்டமே தேவையில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுத்தால் பிறகு எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டிவரும்.

இரண்டாவது, கையில் இருக்கும் போன். மூன்றாவது, லேப்டாப்: ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம், லேப்டாப்பிலேயே போலிப் போனை ஓட்டும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி. கேமரா ஆப்புக்கு எமுலேட்டரை விட்டுவிடலாம். அது காட்டும் பொம்மை அறையைப் படம் பிடித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நான்காவது, முதல் படம் கண்ணில் பட எத்தனை நாள் ஆகும் என்பது. பொழுதுபோக்கு வேலைகள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூன்று வாரம் உட்கார்ந்தும் திரையில் கறுப்புக் கட்டமே தெரிந்தால் யாருக்கும் சலிப்பு வரும். ஐந்தாவது, முடிந்தபின் ஆப் யார் யார் கைக்குப் போகும் என்பது.

## எதற்கும் முன்னால் போனைச் சோதியுங்கள்

ஆண்ட்ராய்டு 5.0 வந்த 2014 முதல் கேமரா2 என்ற இடைமுகம் இருக்கிறது. ஆனால் அதில் எவ்வளவை வெளி ஆப்புகளுக்குத் திறந்துவிடுவது என்பதைப் போன் தயாரிப்பாளர் தீர்மானிக்கிறார். லெகசி, லிமிடெட், ஃபுல், லெவல் 3 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பெட்டியில் 108 மெகாபிக்சல் என்று அச்சிட்டிருப்பதற்கும் இந்தத் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

பார்ப்பது எளிது. செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஏடிபி (லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) ஷெல்லில் டம்ப்சிஸ் கட்டளையை மீடியா.கேமரா என்ற பெயரோடு கொடுங்கள். பக்கம் பக்கமாகக் கொட்டும். அதில் மூன்று வரி போதும்.

முதலாவது, ஹார்டுவேர் லெவல். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 0 என்றால் லிமிடெட், 1 என்றால் ஃபுல், 2 என்றால் லெகசி, 3 என்றால் லெவல் 3. எண் பெரிதானால் தரமும் உயரும் என்று நினைத்து 2-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். இருப்பதிலேயே கடைசி அதுதான். இரண்டாவது, திறன்களின் பட்டியலில் மேனுவல் சென்சார், ரா (பதப்படுத்தாத மூலப்படம்) என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்பது. லிமிடெட் போன்களிலும் சில நேரம் இவை இருக்கும், அதனால் லெவலை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். மூன்றாவது, எக்ஸ்போஷர் டைம் ரேஞ்ச். நானோ நொடியில் இருக்கும். மேல் எல்லை 100000000 என்றிருந்தால் பத்தில் ஒரு நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்க உங்கள் ஆப்பால் முடியாது. அதே போனின் சொந்த கேமரா ஆப் 30 நொடி திறந்து வைக்கலாம். அந்தச் சலுகை வெளியாருக்குக் கிடையாது.

இந்தப் பத்து நிமிட வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு இரண்டு வாரம் கேமரா2 எழுதுவதுதான் இந்தத் துறையில் இருக்கும் மிகப்பெரிய வீண்செலவு.

## வழி 1: பிரவுசர்

ஒரு எச்டிஎம்எல் கோப்பு, ஐம்பது அறுபது வரி ஜாவாஸ்கிரிப்ட். கெட்யூசர்மீடியா கேமராவைத் திறக்கும். கேன்வாஸ் படத்தை வரையும். நோட்பேட் திறக்கும் எந்த லேப்டாப்பும் போதும். ஐபோனிலும் ஐஓஎஸ் 11 முதல் சஃபாரியில் ஓடுகிறது. ஒரே மாலையில் முதல் படம் வந்துவிடும்.

எல்லோரும் தடுக்கி விழுவது முதல் படியில். லேப்டாப்பில் சர்வரை ஓட்டி, போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியை அடித்தால் கேமரா திறக்காது. அனுமதிகூடக் கேட்காது. காரணம், கேமராவை எச்டிடிபிஎஸ் பக்கங்களுக்கும், அந்தக் கருவியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்டுக்கும் மட்டுமே பிரவுசர் தரும். ஆண்ட்ராய்டுக்கு இரண்டு தீர்வு: கேபிளில் இணைத்து ஏடிபி ரிவர்ஸ் கட்டளையால் 8000-ஆம் போர்ட்டைப் போனுக்குத் திருப்பிவிட்டு, போனிலேயே லோக்கல்ஹோஸ்ட் என்று திறக்கலாம், அல்லது கிட்ஹப் பேஜஸில் கோப்பை ஏற்றிவிடலாம், அங்கே எச்டிடிபிஎஸ் இலவசம். ஐபோனுக்கு இரண்டாவதே வசதி. வீடியோ டேக்கில் பிளேஸ்இன்லைன் சேர்க்க மறந்தால் ஐபோனில் உங்கள் பக்கத்துக்குள் ஓட வேண்டிய வீடியோ முழுத்திரைக்குத் தாவும். ஃபேசிங்மோட் என்விரான்மென்ட் என்று கேட்காவிட்டால் உங்கள் முகமே தெரியும்.

கீற்று எவ்வளவு அகலம்? ஒரு பிக்சல் போதும் என்றுதான் பலரும் தொடங்குவார்கள். வருவது நசுங்கிய பஸ். கணக்கைப் பாருங்கள். போன் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கையில் சாலையில் ஒரு மீட்டர் 100 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும் பஸ் நொடிக்கு 5 மீட்டர் நகரும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 17 செ.மீ., அதாவது 17 பிக்சல். ஆகவே கீற்று 16 அல்லது 17 பிக்சல் இருந்தால்தான் அந்த பஸ் இயல்பான வடிவில் விழும். 9 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் இரட்டை நீளம், 36 கி.மீ. வேகத்தில் இறங்கும் பைக் பாதி நீளம். அகலத்தை ஒரு ஸ்லைடரில் வைத்துவிடுங்கள். வளைவுக்கு வளைவு மாறும்.

அகலக் கீற்றோடு அடுத்த தொல்லை வரும். இடமிருந்து வலமாக ஒட்டினால், வலமிருந்து இடமாகப் போகும் வண்டி மட்டுமே ஒழுங்காக விழும். எதிர்த்திசையில் போகும் வண்டியின் மூக்கு முதலில் கீற்றைக் கடப்பதால், கீற்றுகளின் வரிசை தலைகீழாகி, நறுக்கிப்போட்ட வெண்டைக்காய் மாதிரி சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு கீற்றையும் இடவலமாகப் புரட்டி ஒட்டினால் சிதறல் போய்விடும், ஆனால் பஸ் பலகையில் ‘ஏற்காடு’ கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். அதுவும் வேண்டாமென்றால் வலமிருந்து இடமாக ஒட்டும் பொத்தான் ஒன்று வையுங்கள். ஏறும் வண்டிக்கு ஒன்று, இறங்கும் வண்டிக்கு ஒன்று.

இன்னொரு பிழை ஓசையில்லாமல் வரும். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் என்பது திரை புதுப்பிக்கும் வேகத்தில் ஓடும், கேமரா வேகத்தில் அல்ல. 90 ஹெர்ட்ஸ் திரையில் 30 ஃப்ரேம் கேமரா என்றால் ஒவ்வொரு கீற்றும் மூன்று முறை ஒட்டப்பட்டு, படம் படிக்கட்டாகும். அதன் இடத்தில் ரிக்வெஸ்ட்வீடியோஃப்ரேம்கால்பேக் பயன்படுத்துங்கள். புதிய ஃப்ரேம் வந்தால் மட்டும் கூப்பிடும். பிக்சல்களை வெளியே இழுக்கும் கெட்இமேஜ்டேட்டா இந்த வேலைக்குத் தேவையே இல்லை. ட்ராஇமேஜ் நேராகக் கீற்றை வெட்டி ஒட்டும். போன் சூடாவதும் குறையும். சித்திரை வெயிலில் சேலத்து மொட்டை மாடியில் சோதிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

மறைந்திருக்கும் செலவு மூன்று. ஒரு நிமிடம் ஓட்டினால் 16 பிக்சல் கணக்கில் படம் 28,800 பிக்சல் அகலம் வரும். 720 உயரத்தோடு பெருக்கினால் இரண்டு கோடி பிக்சல் தாண்டும். பல ஐபோன்களில் ஒரு கேன்வாஸ் 1,67,77,216 பிக்சலுக்கு மேல் போனால் வெறுமையாகிவிடலாம். 4096 அகலத்துக்கு ஒரு கேன்வாஸாக உடைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கேன்வாஸிலிருந்து சேமிக்கும் படத்தில் தேதியும் இடமும் இருக்காது. மூன்றாவதுதான் பெரியது: வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாக 30-லிருந்து 15 ஃப்ரேமுக்கு இறங்கும். மலையில் மூடுபனி இறங்கியதும், மரநிழல் வளைவுகளில் மாலை நான்கரைக்கே, இது நடக்கும். பஸ் திடீரென்று பாதியாகச் சுருங்கும், உங்கள் கணக்கு தப்பென்று தோன்றும். ஷட்டர், ஃபோகஸ் கட்டுப்பாடு ஆண்ட்ராய்டு குரோமில் சில போன்களில் மட்டுமே கிடைக்கிறது, நம்பி இறங்க முடியாது.

முதல் முறை எழுதுபவர், ஐபோன் வைத்திருப்பவர், நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சுட்டி அனுப்பினால் போதும் என்பவர் என இவர்களுக்கு வேறு வழி தேடவே வேண்டாம்.

## வழி 2: கேமராஎக்ஸ்

கேமரா2-இன் மேல் கூகுள் கட்டிய வசதியான போர்வை இது. 2019-இல் அறிவித்தார்கள், நிலையான 1.0 பதிப்பு 2021-இல் வந்தது. முன்காட்சி, படம் எடுத்தல், ஃப்ரேம் பகுப்பாய்வு, வீடியோ என்று வேலைகளைப் பிரித்துக் கேட்டால் போதும். திரை திரும்பினாலும் ஆப் பின்னால் போனாலும் கேமராவை மூடித் திறப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். போனுக்குப் போன் மாறும் கோளாறுகளில் பலவற்றுக்கு உள்ளேயே மருந்து வைத்திருக்கிறார்கள். ஜாவாவோ கோட்லினோ ஓரளவு தெரிந்தவருக்கு ஒரு வார இறுதி.

பகுப்பாய்வுக்கு வரும் ஃப்ரேம் நாம் நினைக்கும் ஆர்ஜிபி படமாக இருக்காது. இயல்பாக ஒய்யூவி 420 வடிவம். வெளிச்சம் ஒரு தளம், நிறம் இரண்டு தளம். 640-க்கு 480 அளவில் ஒரு ஃப்ரேம் 4,60,800 பைட்; 1920-க்கு 1080 என்றால் 31 லட்சம் பைட், நொடிக்கு 30 வந்தால் 93 எம்பி. ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 33 மில்லி நொடி. கறுப்பு வெள்ளையே போதுமென்றால் முதல் தளத்தை மட்டும் படியுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தவறு நடக்கும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்:

- ஒரே ஃப்ரேம் வந்து நின்றுவிடும். முன்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் பகுப்பாய்வு மட்டும் உறைந்திருக்கும். வேலை முடிந்ததும் ஃப்ரேமைத் தாங்கி வரும் இமேஜ்ப்ராக்ஸியின் க்ளோஸைக் கூப்பிடவில்லை என்று அர்த்தம். நடுவில் பிழை வந்தாலும் மூடும்படி ஃபைனலி பகுதியில் வையுங்கள்.
- படம் சரிந்த கோடுகளாக வரும். ஒரு வரியின் நீளம் படத்தின் அகலத்துக்குச் சமம் என்று நினைத்திருப்பீர்கள். சில போன்களில் 720 பிக்சல் வரிக்கு 768 பைட் ஒதுக்கியிருக்கும். ரோஸ்ட்ரைட் மதிப்பைப் படித்துத் தாண்ட வேண்டும். உங்கள் போனில் சரியாக ஓடி, நண்பர் போனில் சரிவது இதனால்தான்.
- கீற்று செங்குத்தாக இல்லாமல் படுத்துக் கிடக்கும். சென்சார் பெரும்பாலும் 90 பாகை திருப்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது. போனை நிமிர்த்திப் பிடித்தால் உங்களுக்குச் செங்குத்து, சென்சாருக்குக் கிடை. ரொட்டேஷன்டிகிரீஸ் மதிப்பைப் பாருங்கள்.
- எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருக்கும். நீங்கள் கேட்காவிட்டால் பகுப்பாய்வுக்கு வருவது 640-க்கு 480 மட்டுமே.

மறைந்திருக்கும் செலவு ஆப்பில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ஸ்டூடியோவும் எஸ்டிகே என்ற கருவித்தொகுப்பும் பல ஜிபி. முதல் பில்டில், ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடில் தன் பங்குக்கு இன்னும் இறக்கும். மலையில் அறை எடுத்துத் தங்கி, சிக்னல் ஒரு கோடு வந்து போகும் இடத்தில் புது புராஜெக்டைத் திறக்காதீர்கள். அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ வீட்டு ஃபைபரில் ஒருமுறை முழுதாக பில்ட் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பிறகு ஆஃப்லைனிலேயே ஓடும்.

கேமராஎக்ஸின் உண்மையான பலம் வேறு. கேமரா2 இன்டெராப் என்ற பக்கவாசல் வழியாக ஃப்ரேம் வேகத்தை 30-30 என்று பூட்டலாம், ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் கொடுக்கலாம், ஃபோகஸை முடிவிலியில் நிறுத்தலாம். 1.5 பதிப்பிலிருந்து டிஎன்ஜி மூலப்படமும் எடுக்கிறது. போன் அனுமதித்தால்தான், சந்தேகமில்லை. ஆனால் முன்பு கேமரா2-க்குப் போக வேண்டியிருந்த காரணங்களில் பெரும்பகுதி இதோடு தீர்ந்துவிட்டது.

## வழி 3: கேமரா2 நேரடியாக

கேமராவைத் திற, அது திறந்ததாகச் சொல்லும்வரை காத்திரு, படம் போய்ச் சேரும் இடங்களைக் கொடு, செஷன் உருவாகும்வரை காத்திரு, கோரிக்கை அனுப்பு, விடையை இன்னொரு த்ரெட்டில் வாங்கு. முன்காட்சி மட்டும் வருவதற்கே சில நூறு வரி. இதில் ஏதாவது ஒரு படியில் மூட மறந்தால் அடுத்த முறை கேமரா வேறொருவர் பிடியில் என்ற பிழை. அந்த வேறொருவர் போன நிமிடத்து உங்கள் ஆப்பேதான்.

பதிலுக்குக் கிடைப்பது: ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெவ்வேறு ஷட்டர், ஐஎஸ்ஓ, எந்த அமைப்பில் எடுத்தது என்ற குறிப்பு, வேகமான மூலப்பட வரிசை. 12 மெகாபிக்சல் மூலப்படம் ஒன்று 24 எம்பி; நொடிக்கு ஐந்து எடுத்தாலே 120 எம்பி எழுத வேண்டும், போனின் நினைவகம் திணறும். ஒரே காட்சியை 5, 10, 20, 40 மில்லி நொடியில் அடுத்தடுத்த ஃப்ரேமில் எடுப்பது போன்ற வேலை உங்கள் சோதனையின் உயிர்நாடி என்றால் இங்கே வாருங்கள். கற்றுக்கொள்ளும் ஆசை மட்டும்தான் காரணம் என்றாலும் வரலாம், படம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று தெரிந்துகொண்டு.

கையால் ஷட்டர் வைக்கும்போது மறக்கக் கூடாத ஒன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் டியூப்லைட்டுக்குக் கீழே 60-இல் ஒரு பங்கு நொடி என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். 10 மில்லி நொடியின் மடங்கில் வையுங்கள்: 10000000 அல்லது 20000000 நானோ நொடி. பட்டை போய்விடும்.

## மற்ற வழிகள், சுருக்கமாக

ஃப்ளட்டர். ஒரே நிரலில் இரண்டு வகைப் போனும் என்பது கவர்ச்சிதான். ஆனால் ஃப்ரேம் ஆண்ட்ராய்டில் ஒய்யூவியாகவும் ஐபோனில் பிஜிஆர்ஏவாகவும் வரும். பிக்சலைத் தொடும் பகுதியை இரண்டு முறை எழுதத்தான் வேண்டும். ஐபோனுக்குக் கட்ட மேக் இல்லாமல் முடியாது. பொத்தானும் பட்டியலும் நிறைந்த ஆப்புக்குச் சரி. பிக்சலோடு மல்லுக்கட்டும் ஆப்புக்கு லாபமில்லை.

ஐபோனில் ஏவிஃபவுண்டேஷன். மேக் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இதுதான் மிகச் சுகமான வழி. ஐஓஎஸ் 8 முதல் கையால் எக்ஸ்போஷர், ஐஓஎஸ் 10 முதல் மூலப்படம், போனுக்குப் போன் முரண்டும் குறைவு. இலவசக் கணக்கில் போனில் ஏற்றிய ஆப் ஏழு நாளில் காலாவதியாகும், மறுபடி கேபிள் போட வேண்டும். கட்டணக் கணக்கு ஆண்டுக்கு 99 டாலர்.

ஓபன் கேமராவைத் திருத்துவது. இடைவெளி விட்டு எடுத்தல், எக்ஸ்போஷர் வரிசை, மூலப்படம் எல்லாம் ஏற்கெனவே உள்ள திறமூல ஆப். முதலில் அதை நிறுவி, உங்களுக்கு வேண்டியது அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்கும். நிரலில் கை வைப்பதென்றால் ஜாவா படிக்கத் தெரிய வேண்டும், பெரிய வீட்டுக்குள் நுழைந்து சுவிட்சைத் தேடுவது போலிருக்கும். ஜிபிஎல் உரிமம் என்பதால், திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும்.

எம்ஐடி ஆப் இன்வென்டர். கேமரா பிளாக் போனின் சொந்த ஆப்பைத் திறந்து, எடுத்த படத்தைத் திருப்பித் தரும். ஓடும் ஃப்ரேம் கிடைக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். நம் மூன்று சோதனைகளுக்கும் உதவாது.

## பக்கம் பக்கமாக

| வழி | முதல் படம் | லேப்டாப் | ஷட்டர், ஐஎஸ்ஓ | மூலப்படம் | கையைக் கடிக்கும் இடம் |
|---|---|---|---|---|---|
| பிரவுசர் | ஒரு மாலை | எதுவும் | சில ஆண்ட்ராய்டில் மட்டும் | இல்லை | இருட்டில் ஃப்ரேம் வேகம் விழும் |
| கேமராஎக்ஸ் | ஒரு வார இறுதி | 8 ஜிபி ராம் | பக்கவாசலில் உண்டு | 1.5 முதல் | பல ஜிபி பதிவிறக்கம் |
| கேமரா2 | 2–3 வாரம் | 8 ஜிபி ராம் | முழுதும், போன் அனுமதித்தால் | போன் அனுமதித்தால் | போனுக்குப் போன் மாறும் நடத்தை |
| ஃப்ளட்டர் | சில நாள் | 8 ஜிபிக்கு மேல் நல்லது | குறைவு | இல்லை | பிக்சல் பகுதி இருமுறை |
| ஐபோன் நேரடி | ஒரு வார இறுதி | மேக் மட்டும் | உண்டு | உண்டு | 7 நாள் காலாவதி அல்லது 99 டாலர் |
| ஓபன் கேமரா | நிறுவிய உடனே | திருத்த மட்டும் 8 ஜிபி | உண்டு | உண்டு | பிறர் நிரலைப் படித்தல் |

நாள் கணக்கு, வேலை முடிந்த மாலைகளில் உட்காருபவருக்கு. முழு நாள் உட்காருபவர் பாதியாக்கிக்கொள்ளலாம்.

## பிறர் கையில் கொடுக்க

ப்ளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருந்தால்தான் பொதுவெளியில் ஆப்பை வைக்க விண்ணப்பிக்க முடியும். நடுவில் இரண்டு பேர் விலகினால் கணக்கு சிக்கலாகும், அதனால் பதினைந்து பேரைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். நாலு நண்பர்களுக்கென்றால் ஸ்டோர் பக்கமே போக வேண்டாம், ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்பினால் போதும். பிரவுசர் வழியில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

## மூன்று சோதனைக்கும் நம் தேர்வு

கீற்றுக் கேமராவைப் பிரவுசரில் தொடங்குங்கள். வளைவில் நின்று பத்துப் படம் எடுத்த பிறகும் ஆசை அடங்கவில்லை, பனியில் ஃப்ரேம் வேகம் விழுவது உறுத்துகிறது என்றால் கேமராஎக்ஸுக்கு மாற்றுங்கள். கீற்றின் அகலம், ஒட்டும் திசை என்று கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த கணக்கெல்லாம் அப்படியே கூட வரும். ஒரு விஷயம்: அந்தப் பாதையில் குரங்குகள் அதிகம். முக்காலியில் நிற்கும் போனைவிட்டு நாலடிகூட நகராதீர்கள்.

லேடீஸ் சீட் இரவுப் படத்துக்கு எந்த வழி என்பதை டம்ப்சிஸில் பார்த்த எக்ஸ்போஷர் எல்லை சொல்லும். ஒரு நொடிக்கு மேல் கிடைத்தால் கேமராஎக்ஸும் பக்கவாசலும் போதும். பத்தில் ஒரு நொடியிலேயே நின்றால் பல ஃப்ரேமைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். 64 ஃப்ரேம் சேர்த்தால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, ஏனென்றால் போன் ஏற்கெனவே இரைச்சலைத் தேய்த்து, இருட்டை முழுக் கறுப்பாக வெட்டிவிட்டுத்தான் ஒய்யூவி ஃப்ரேமைத் தருகிறது. கூட்டும் இடத்தில் 16 பிட் எண் வையுங்கள். 257 ஃப்ரேம் வரை நிரம்பி வழியாது. மலைப்பாதையில் இறங்கும் வண்டி விளக்குகள் கோடாக வளைந்து தெரிய வேண்டுமென்றால் சராசரி உதவாது, ஒவ்வொரு பிக்சலிலும் அதிகபட்ச மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பனி குறுக்கே வந்தால் ஆட்டோ ஃபோகஸ் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அதை அணைத்து லென்ஸ் தூரத்தை 0.0 என்று கொடுத்தால் முடிவிலியில் நிற்கும்.

இழை எண்ணுவதற்கு வருவோம். வழக்கமான முதன்மை லென்ஸில் 10 செ.மீ. தொலைவில் படத்தின் அகலம் சுமார் 14 செ.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். 4000 பிக்சல் அகலப் படத்தில் அங்குலத்துக்கு 727 பிக்சல் விழும். அங்குலத்துக்கு 100 இழை என்றால் இழைக்கு ஏழு பிக்சல், தாராளம். இதே கணக்கை 640 பிக்சல் ஃப்ரேமில் போட்டால் அங்குலத்துக்கு 116 பிக்சல்தான். ஒரு இழையைப் பிரித்தறியக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும், இங்கே ஒன்றுக்குச் சற்று மேல். இழைகள் கரைந்து சாம்பல் நிறமாகும். அல்லது 116-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசமான 16 இழை ஓடுவது போல ஒரு பொய்க்கோலம் தெரியும். ஆப்பும் கூச்சமில்லாமல் 16 என்று காட்டும். பட்டுக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

அதனால் இந்தச் சோதனைக்கு நேரடி ஃப்ரேமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். போனின் சொந்த கேமராவில், துணியோடு ஒரு ஸ்கேலையும் வைத்து, முழு அளவில் ஒரு படம் எடுத்து லேப்டாப்புக்கு மாற்றி, பைத்தானில் ஃபூரியே மாற்றம் (திரும்பத் திரும்ப வரும் கோலம் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் கணக்கு) போட்டால் இருபது முப்பது வரியில் எண்ணிக்கை வந்துவிடும். ஆப் எழுதும் ஆசையைக் கொண்டை ஊசி வளைவில் தீர்த்துக்கொள்ளலாம்.